பெட்ரோல் மூடியும் தமிழ் வகுப்பும்



சென்ற பள்ளி விடுமுறையில் ஒருநாள், மகனைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு செம்பவாங் சாலையில் சென்றபோது என் பழைய மோட்டார்சைக்கிள் இருமி இருமி நின்றுவிட்டது. டேங்கில் பெட்ரோல் இருந்தது. சிறிது நேரம் கழித்துக் கிளப்பினால் ஓடும். இரண்டு மூன்று கிலோமீட்டரில் மறுபடியும் நிற்கும். ஒருவாறு பட்டறையை அடைந்தோம்.

அங்கிருந்த தமிழ் இளைஞர் வேறெதையும் கழற்றவில்லை. பெட்ரோல் மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று காற்று உள்ளே புகுந்தது. "மூடியில மூச்சு ஓட்டை அடைச்சிருக்கு, சார்" என்றார்.

"மூடிக்கு எதுக்குப்பா ஓட்டை?" என்று மகன் என்னைத் தமிழில் கேட்டான். நானோ ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினேன். அழுத்தம், வெற்றிடம் என்னும் சொற்களை நான் அறியாதவனல்லன். தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியப் பயிற்சி பெற்றவன்! ஆயினும் அறிவியல் என்றதும் நாக்கு தானே அப்பக்கம் திரும்பிவிட்டது.

இளைஞர் குறுக்கிட்டார். "காப்பிக்கடைப் பால் டின்ல ஏன் ரெண்டு ஓட்டை போடுறாங்க, தம்பி? ஒண்ணுல பால் வரும், இன்னொண்ணுல காத்து போகும். காத்து போகலேன்னா பால் வராது. இதுவும் அப்படித்தான்."

மகனுக்குப் புரிந்துவிட்டது. பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். வழி அடைபட்டால் டேங்கினுள் அழுத்தம் குறைகிறது. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் இறங்குவது தடைப்படுகிறது. இளைஞர் மூடியைச் சோப்பு நீரில் கழுவி, துளையில் இறுகிப்போயிருந்த அழுக்கை மெல்லிய கம்பியால் நீக்கினார். காற்றடித்து நன்கு உலர்த்திய பிறகே பொருத்தினார். கம்பியை ஆழமாகக் குத்தினால் உள்ளிருக்கும் சிறு வால்வு கெடும் என்றும் எச்சரித்தார்.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, அன்று எனக்கு நேர்ந்தது நம்மில் பலருக்கும் அன்றாடம் நேர்வதன்றோ? பொங்கலையும் திருக்குறளையும் தமிழில் பேசுகிறோம். மின்விசிறி ஏன் நின்றது என்றால் மொழியை மாற்றிக்கொள்கிறோம். உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி. அதை நான் குறை கூறவில்லை. வீட்டில் பிள்ளை தமிழில் கேட்கும் கேள்விக்கு ஆங்கிலத்தில் விடை தரும்படி நம்மை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே!

இத்தனைக்கும் இது செம்பவாங். 1938இல் திறக்கப்பட்ட கடற்படைத் தளத்திலும், 1968இல் உருவான கப்பல் பட்டறையிலும் தமிழர்கள் உழைத்த ஊர். அவர்கள் இயந்திரங்களைப் பற்றித் தங்களுக்குள் எந்த மொழியில் பேசியிருப்பார்கள்?

பள்ளி திறந்ததும், கழுவிய பால் டின் ஒன்றில் நீர் நிரப்பி, ஒரே துளையிட்டு நான்காம் வகுப்பிற்குக் கொண்டு சென்றேன். நீர் சொட்டுச் சொட்டாகத் தயங்கி வந்தது. ஏன் என்று கேட்டேன். வழக்கமாக வாய் திறவாத சிறுமி ஒருத்தி, "டின்னுக்கு மூச்சு முட்டுது, சார்" என்றாள். பாடநூல் விடையன்று. கரும்பலகையில் அதை அப்படியே எழுதிவிட்டு, இரண்டாவது துளையை இட ஆணியை எடுத்தேன்.