எந்தப் பதிப்பு?



ஒரு புத்தகக் கடையை மனக்கண் முன் கொண்டு வாருங்கள். அலமாரியில் ஒரே பெயர் தாங்கிய இரண்டு தடித்த நூல்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டும் 'பிளேயர்ஸ் ஹாண்ட்புக்'. இரண்டும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டின் விதிநூல்கள். ஒன்று 2014-இல் வந்தது. மற்றொன்று 2024-இல் வந்தது. முகப்பு அட்டையில் இது எத்தனையாம் பதிப்பு என்று ஒரு சொல்லும் கிடையாது. மாதக்கணக்கில் காசு சேர்த்துக்கொண்டு அமெரிக்கக் கடையொன்றில் நுழைந்த சிறுமி எதை எடுப்பாள்? படம் அழகாயிருப்பதை எடுப்பாள்; வேறென்ன செய்வாள்? அது தன் தோழிகள் ஆடும் பதிப்பு அன்று என்பதை வீட்டுக்கு வந்த பிறகே அறிவாள். தவறு அவளுடையது அன்று என்பது நம் கட்சி.

விளையாட்டை அறியாதோர்க்கு இரண்டு வார்த்தை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, 'கதவைத் திறக்கிறேன்', 'ஆற்றைக் கடக்கிறேன்' என்று வாயால் சொல்லியே ஆடுவர். காரியம் கைகூடுமா என்ற ஐயம் எழுந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். இருபது முகமுள்ள பகடையும் அதில் உண்டு! காகிதமும் பென்சிலும் போதும், பலகைகூட வேண்டியதில்லை. ஆனால் விதிநூல் இல்லாமல் முடியாது.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் அமைத்த இவ்விளையாட்டு, 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு ஏடுகளாக வெளிவந்தது. அந்தச் சிற்றேடுகள் இன்றைக்கு முந்நூறு பக்கங்களைத் தாண்டிய பெருநூல்களாகிவிட்டன. இடையில் 1989, 2000, 2003, 2008, 2014, 2024 என்று விதிகள் திரும்பத் திரும்ப மாற்றி எழுதப்பட்டன. 1997-இல் நிறுவனமே கைமாறியது.

பெயரிட்டவர்கள் செய்த குழப்பம் கொஞ்ச நஞ்சமல்ல. 1977-இல் 'பேசிக்' என்ற பெட்டி வந்தது. அதே ஆண்டில் 'அட்வான்ஸ்டு' வரிசையின் முதல் நூலும் வந்தது. ஒன்றை முடித்தால் மற்றதற்குப் போகலாம், ஐந்தாம் வகுப்புக்குப் பின் ஆறாம் வகுப்பு என்பதுபோல, என்று யாரும் நினைப்பார்கள் அல்லவா? ஆனால் அவை இரண்டும் தனித்தனி வழிகளாகவே வளர்ந்தன. 1981-ஆம் ஆண்டுப் 'பேசிக்' நூலில் 'எல்ஃப்' என்றால் அதுவே ஒரு தொழில். வாளும் ஏந்தும், மந்திரமும் ஓதும். 'அட்வான்ஸ்டு' நூலிலோ 'எல்ஃப்' என்பது பிறப்பு. தொழிலைத் தனியே தேர்ந்துகொள்ள வேண்டும். இதையும் கேளுங்கள்: 2009-இல் 'பிளேயர்ஸ் ஹாண்ட்புக் 2' என்று ஒரு நூல் வந்தது. இரண்டாம் பதிப்பு என்றுதானே எண்ணுவோம்? இல்லை! அது நான்காம் பதிப்பின் இரண்டாம் பாகம்.

பதிப்பு மாறினால் என்ன, விளையாட்டு ஒன்றுதானே என்று பெற்றோர் கேட்கலாம். ஒரேயொரு உதாரணம் சொல்கிறோம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கவச எண் உண்டு. 1989-ஆம் ஆண்டு நூலின்படி கவசமே இல்லாதவனுக்கு எண் 10. நல்ல கவசம் அணிய அணிய எண் குறைந்துகொண்டே போகும். 2 என்றால் இரும்புச் சுவர் போன்றவன். 2000-இல் இதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். அன்று முதல் எண் ஏற ஏறத்தான் காப்பு. இப்போது ஒருத்தி பழைய நூலைப் படித்துவிட்டு, புதிய நூலைக் கொண்டு ஆடும் மேசையில் வந்து அமர்ந்து, "என் கவச எண் 2" என்று பெருமையோடு சொல்கிறாள். மேசை முழுவதும் சிரிப்பு! அவள் இரவெல்லாம் விழித்துப் படித்தது அத்தனையும் வீண். சிரித்தவர்களுக்கு அது ஒரு நிமிட வேடிக்கை. அவளுக்கோ அடுத்த வாரம் வரலாமா வேண்டாமா என்ற கேள்வி. புத்தகக் காசைவிட இதுதான் நமக்குப் பெரிதாகப் படுகிறது.

(அந்த 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் பேய் பிசாசுகளின் பெயர்களை எடுத்துவிட்டு, வாயில் நுழையாத புதுப் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். பெற்றோரின் கண்டனமே காரணம். 2000-இல் பழைய பெயர்கள் திரும்பி வந்துவிட்டன. அன்னையர் இதை அறிந்தால் முறுவலிப்பார்களோ, முகம் சுளிப்பார்களோ, நாமறியோம்.)

புதியதே சிறந்தது, கண்ணை மூடிக்கொண்டு புதியதை வாங்கு என்பார் பலர். நமக்கு அது சம்மதமில்லை. புத்தகம் வாங்குமுன் மேசையைத் தேட வேண்டும். யாரோடு ஆடப் போகிறோம், அவர்கள் கையில் இருப்பது எது என்று கேட்காமல் வாங்குவது, பிள்ளை பிறக்குமுன் பெயர் வைத்த கதைதான். அவர்கள் 1981-ஆம் ஆண்டு நூலை வைத்து ஆடுபவர்களானால், 2024-ஆம் ஆண்டு நூல் எவ்வளவு பளபளப்பாயிருந்தும் பயனில்லை. பழைய நூல்கள் செத்த நூல்கள் அல்ல. அவற்றின் விதிகள் சுருக்கமானவை. அதனாலேயே அவற்றை விரும்பி ஆடுவோர் இன்றும் உண்டு.

இனி, காசு. அமெரிக்காவில் 2024-ஆம் ஆண்டு 'பிளேயர்ஸ் ஹாண்ட்புக்' ஏறக்குறைய 50 டாலர் விலையில் வந்தது. கதை நடத்துபவருக்கான நூலும், விலங்குகளும் அரக்கர்களும் அடங்கிய நூலும் அதே விலை. மூன்றையும் சேர்த்து வாங்கினால்தான் ஆட முடியும் என்று எண்ணிப் பணத்தைக் கொட்டும் புதியவர்கள் இருக்கிறார்கள். வெறுமனே ஆட வருபவளுக்குப் பின்னிரண்டும் தேவையே இல்லை. ஏன், முதல் நாளில் ஒன்றுமே தேவையில்லை! 2014-இல் அடிப்படை விதிகளை வெளியீட்டாளரே விலையின்றி வழங்கினார்கள். விதிகளின் பெரும்பகுதியை எவரும் எடுத்தாளலாம் என்று 2023-இல் பொது உரிமமும் அளித்தார்கள். புதிய பதிப்பின் விதிகளுக்கு 2025-இல் அவ்வாறே செய்தார்கள். இந்தத் தாராளத்தை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் கடைக்குள் நிற்கும் சிறுமிக்கு இதை யார் சொல்வது?

பதிப்பகத்தார் பிழைக்க வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். விதிகளைத் திருத்தவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. பல திருத்தங்கள் நல்லவையே. ஆனால் 2000-இல் மூன்று நூல்களை வாங்கியவர்களிடம் 2003-இலேயே மறுபடியும் மூன்றை நீட்டியது கொஞ்சம் அவசரம்தான். அப்போதாவது அட்டையில் '3.5' என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த நேர்மை இன்றைய அட்டைகளில் ஏன் இல்லை? ஒரு சிறு எண்ணை அச்சிட எவ்வளவு மை செலவாகும்?

எல்லா விளையாட்டுகளும் இப்படியல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1981-இல் தோன்றிய 'கால் ஆஃப் கதுல்ஹு'வில் 2014-ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பு வரை அடிப்படை மாறவே இல்லை. பழைய பாத்திரத்தின் வலிமை முதலிய எண்களைப் பெரும்பாலும் ஐந்தால் பெருக்கினால் புதிய நூலுக்குப் பொருந்திவிடும். அங்கே பழைய நூலை மலிவாக வாங்கியவள் அழ வேண்டியதில்லை.

நம் சிறுமி இன்னும் அலமாரி முன்தான் நிற்கிறாள். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் புரட்டினால் பதிப்புரிமை ஆண்டு பொடி எழுத்தில் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, மேசைத் தோழிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டும். அதற்குள் பொறுமையிழந்து வாங்கியே விட்டாளானால், ரசீதைக் கிழித்தெறியாமல் வைத்திருக்கட்டும்.