‘டி’ என்று எழுதுவோம்

மார்ச் முடிந்ததும் நகராட்சிகளில் ஆண்டறிக்கை வேலை சூடு பிடிக்கும். பொறியியல், பொது சுகாதாரம், வருவாய் என்று ஒவ்வொரு பிரிவிலிருந்தும் தாள்கள் வந்து ஆணையாளரின் மேசையில் சேரும். குடிநீர்ப் பத்தியில், நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றோ கொஞ்சம் குறைவாகவோ ஓர் எண் இருக்கும். அது எப்படி வந்தது என்பது நம்மில் பலருக்கும் தெரியும். நீரேற்று நிலையத்து மோட்டாரின் திறனை அது ஓடிய மணிக்கணக்கால் பெருக்கி, 2011 மக்கள்தொகையால் வகுத்திருப்போம். மோட்டார் பழசாகி இறைப்பது குறைந்திருக்கலாம். வழியில் குழாய் ஒழுகலாம். 2011-க்குப் பிறகு ஊரைச் சுற்றிப் புதுப்புது நகர்கள் முளைத்திருக்கின்றன. எதுவும் அந்தக் கணக்குக்குள் வராது.

சென்ற கோடையில், ஒரு சிறிய நகரத்தில், வால்வு திறக்கும் ஊழியரோடு விடியற்காலையில் நடந்தேன். தோளில் நீளமான இரும்புச் சாவி, சட்டைப் பையில் மடித்து வைத்த நோட்டு. அங்கே ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு மணி நேரம் தண்ணீர். தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் குழாய் சீறியது. மேட்டுத் தெருவின் கடைசி வீட்டிலோ வாசலோரம் இடுப்பளவு குழி. தரைமட்டத்துக்குத் தண்ணீர் ஏறாததால் குழாயைக் குழிக்குள் இறக்கியிருந்தார்கள். ஒரு பெண் உள்ளே நின்று குடத்தை நிரப்பி, மேலே நின்ற மகளிடம் தூக்கிக் கொடுத்தார். கடிகாரத்தைப் பார்த்தேன். 15 லிட்டர் குடம் நிறைய நாலு நிமிடம். “இன்னைக்குப் பரவால்லீங்க, முன் வீட்டுக்காரங்க மோட்டார் போடல” என்றார்.

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 135 லிட்டர் வீதம் இரண்டு நாளைக்கு 1,350 லிட்டர், அதாவது 90 குடம் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் அது கிடைக்க, குடத்துக்கு 80 வினாடிதான் ஆகலாம். அந்தக் குழியில் 30 குடத்துக்கு மேல் வழியில்லை. 450 லிட்டரைப் பங்கிட்டால் தலைக்கு நாளொன்றுக்கு 45. அதுவும் ஒருவர் இரண்டு மணி நேரமும் குழியைவிட்டு ஏறாமல் நின்றால்.

மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008-இல் வெளியிட்ட சேவைநிலை அளவுகோல் கையேட்டை நாம் எல்லோரும் புரட்டியிருக்கிறோம். குடிநீர், கழிவுநீர், திடக்கழிவு, மழைநீர் வடிகால் என்று நான்கு துறைகள், 28 குறியீடுகள். 135 லிட்டரும் 24 மணி நேர விநியோகமும் அதில் உள்ள இலக்குகளே. அதே கையேடு ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அதன் நம்பகத்தன்மையை ஏ முதல் டி வரை தரப்படுத்திக் குறிக்கச் சொல்கிறது. மோட்டார் திறனையும் ஓடிய நேரத்தையும் வைத்துப் போடும் கணக்குக்கு அது கொடுப்பது கடைசித் தரமான டி. நம் அறிக்கைகளில் எண் இருக்கிறது, தரம் விடுபட்டுப்போகிறது. எனக்கு இதுதான் உறுத்தல்.

குறைந்த எண்ணை எழுதினால் மானியத்துக்கு ஆபத்து என்ற பயம் நம் அலுவலகங்களில் உண்டு. 13-ஆவது நிதி ஆணையம் செயல்திறன் மானியத்துக்கு வைத்த நிபந்தனைகளில் ஒன்று, இந்த நான்கு துறைகளிலும் அடுத்த ஆண்டு எட்டவேண்டிய இலக்கை நிதியாண்டு முடிவதற்குள் அறிவிக்கவேண்டும் என்பது. இன்றைய நிலை மோசம் என்று ஒப்புக்கொள்பவரைத் தண்டிப்பதற்கான விதி அல்ல அது. தவிர, 135 என்று எழுதிய ஊர் மன்றக் கூட்டத்தில் எந்த முகத்தோடு புதுக் குழாய்க்கு நிதி கேட்கும்? டி என்று எழுதினால், பிரதான குழாயில் நீரளவு மீட்டர் பொருத்தவேண்டும் என்ற தீர்மானம் மறுநாளே வைக்கலாம்.

குப்பையிலும் இதே பழக்கம்தான். எடைமேடை இல்லாத ஊரில் வண்டியின் கொள்ளளவை நடைகளால் பெருக்கி டன் கணக்கு எழுதுகிறோம். புகார் விஷயம் இன்னும் வருத்தமானது. ‘தீர்க்கப்பட்டது’ என்று நாமே குறித்து மூடிவிடுகிறோம். குறை தீர்ந்தது என்று புகார் கொடுத்தவரே எழுத்தில் ஒப்புக்கொள்ளவேண்டும் என்கிறது கையேடு. எத்தனை பதிவேட்டில் அந்தக் கையெழுத்து இருக்கிறது?

வால்வு திறப்பவரின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் திறந்தார், எங்கே தண்ணீர் ஏறவில்லை, யார் திட்டினார்கள் எல்லாம் பென்சிலில் இருந்தது. இதையெல்லாம் அலுவலகத்தில் யாராவது கேட்டார்களா என்றேன். தலையை ஆட்டினார், இல்லையென்று.

வரும் அறிக்கைக்கு அந்த நோட்டிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டிக்கும் முதல் வீடு, நடு வீடு, கடைசி வீடு என மூன்று குழாய்கள். மாதம் ஒரு முறை, ஒரு குடமும் ஒரு கடிகாரமும். டெண்டர் வேண்டாம், குழாய்ப் பொருத்துநர் அரை நாளில் முடித்துவிடுவார். 12 மாதக் கணக்கையும் 135-க்குப் பக்கத்திலேயே, தரக் குறியோடு அச்சிடுவோம். மன்றத்துக்கு வைக்கும் முன் பகுதி சபையில் வாசிப்போம். கடைசி வீட்டுக்காரர்கள் எழுந்து, எங்கள் குடத்துக்கு நாலு நிமிடம் இல்லை, ஆறு என்று சொன்னால், அடித்துத் திருத்தி, திருத்தியவர் எந்தத் தெருவென்றும் குறிப்போம்.