கம்ப்யூட்டர் காட்டும் தாடையும் பாகூர் அம்மாவின் தாடையும்

"பல் போனால் சொல் போச்சு" என்பது பழமொழி. கிராமத்தில் சொல்லுக்கு முன்னால் போவது சோறுதான். கருவாடு போகும், கடலை போகும், கரும்பு போகும். கடைசியில் ரசம் சாதம் மட்டும் மிஞ்சும். "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று சொல்லி வளர்ந்த ஊரில் அறுபது வயதிலேயே நொறுக்குவதற்குப் பல் இல்லை என்றால் அது சின்ன விஷயம் அல்ல.

புதுச்சேரியில் பல் மருத்துவம் இன்று நகரத்துக்குள் மட்டும் இல்லை. வில்லியனூர் பக்கம் அரியூரிலும், பாகூர் பக்கம் பிள்ளையார்குப்பத்திலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கோரிமேட்டில் அரசு நிறுவனமான மகாத்மா காந்தி பல் மருத்துவ முதுநிலை நிறுவனம் இருக்கிறது. கழற்றி மாட்டும் பல்செட்டோடு, எலும்பிலேயே டைட்டானியம் திருகு பொருத்திப் பல் கட்டும் இம்ப்ளாண்ட் என்ற வார்த்தையும் கிராமத்துக்குள் வந்துவிட்டது.

இந்த இம்ப்ளாண்ட் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும், எவ்வளவு நீளம், இரண்டு போதுமா நான்கு வேண்டுமா என்ற கேள்விகளுக்கு இப்போது கம்ப்யூட்டரும் பதில் சொல்கிறது. அந்தப் பதிலை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

பல்லும் திருகும் ஒன்றல்ல

இயற்கையான பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. நடுவில் மெல்லிய நார்த்தசை ஒன்று மெத்தை மாதிரி இருக்கிறது. கடிக்கும்போது பல் சுமார் 25 முதல் 100 மைக்ரான் வரை அமுங்கிக் கொடுக்கும். இம்ப்ளாண்டுக்கு அந்த மெத்தை கிடையாது. எலும்பு நேராக டைட்டானியத்தோடு சேர்ந்து வளர்ந்துவிடுகிறது. அது 3 முதல் 5 மைக்ரான்தான் அசையும்.

இந்தச் சேர்க்கையை 1950களில் முயல் எலும்பில் கவனித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த பெர் இங்வார் பிரோனமார்க். 1965ல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். அந்த மனிதருக்கு அவை சாகும்வரை, சுமார் நாற்பது ஆண்டுகள் உழைத்தன. அதாவது முறை நல்ல முறைதான். ஆனால் மெத்தை இல்லாத காரணத்தால், கடிக்கும் விசை முழுவதும் எலும்புக்கே போகிறது.

எந்த இடத்தில் அதிகம் போகிறது? 2011 டிசம்பர் 30ல் தானே புயல் அடித்தபோது சாய்ந்த கம்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். உச்சியில் காற்று தள்ளும்போது, கம்பம் மண்ணை அதிகமாக நெருக்குவது தரைமட்டத்தை ஒட்டித்தான். இம்ப்ளாண்டிலும் அப்படியே. தகைவு அதிகமாகச் சேருவது அதன் கழுத்தைச் சுற்றியுள்ள கடின எலும்பில்.

கோலப் புள்ளிகள் மாதிரி

இதைக் கணக்கிடும் முறைக்கு ஃபைனைட் எலிமெண்ட் அனாலிசிஸ் என்று பெயர். 1956ல் விமான இறக்கைகளின் வலுவைக் கணக்கிட டர்னர், கிளஃப் முதலானோர் வெளியிட்ட கட்டுரையில் இருந்து வளர்ந்தது. 1960ல் கிளஃப்தான் அந்தப் பெயரை வைத்தார். 1976லேயே இது இம்ப்ளாண்டுக்கும் வந்துவிட்டது.

வேலை செய்யும் விதம் எளிது. தாடையின் ஸ்கேன் படத்தில் இருந்து முப்பரிமாண உருவம் எடுப்பார்கள். அதைப் புள்ளிக்கோலம் மாதிரி புள்ளிகளாலும் அவற்றை இணைக்கும் சின்னச் சின்னக் கட்டங்களாலும் நிரப்புவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் அது டைட்டானியமா, கடின எலும்பா, உள்ளே இருக்கும் பஞ்சு எலும்பா என்று சொல்லி, யங் குணகத்தைக் கொடுப்பார்கள். டைட்டானியத்துக்கு சுமார் 110 கிகா பாஸ்கல், கடின எலும்புக்கு 13.7, பஞ்சு எலும்புக்கு 1.37 என்பவை பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் எண்கள். பிறகு மேலே இருந்து 100 நியூட்டனோ 200 நியூட்டனோ விசை கொடுத்தால், எங்கே எவ்வளவு தகைவு என்று கம்ப்யூட்டர் கணக்கிட்டு, நீலத்தில் இருந்து சிவப்பு வரை வண்ணம் பூசிக் காட்டும்.

இதில் இருந்து நல்ல பாடங்கள் கிடைத்திருக்கின்றன. 2004ல் செக் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு ஒன்று. இம்ப்ளாண்டின் விட்டத்தை 3.6 மில்லிமீட்டரில் இருந்து 4.2 ஆக்கினால் உச்சத் தகைவு 31.5 சதவீதம் குறைந்தது. நீளத்தைக் கூட்டியதால் கிடைத்த பலன் அதைவிடக் குறைவு. நேராகக் கடிப்பதைவிடச் சாய்வாக விழும் விசைதான் ஆபத்து என்பதையும் மாடல்கள் தெளிவாகக் காட்டின. ஒரு நோயாளிக்கும் ஊசி குத்தாமல் இவ்வளவு தெரிந்துகொள்ள முடிவது பெரிய விஷயம்.

வண்ணப் படம் மறைக்கும் விஷயங்கள்

ஆனால் அந்தச் சிவப்பும் நீலமும் தீர்ப்பு அல்ல.

முதலாவது, பெரும்பாலான மாடல்களில் எலும்பும் இம்ப்ளாண்டும் நூற்றுக்கு நூறு ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். உண்மையான தாடையில் அப்படி ஒட்டுவதில்லை. இடையிடையே இடைவெளி இருக்கும்.

இரண்டாவது, எலும்பு எல்லாத் திசையிலும் ஒரே வலு உடையது என்று எடுத்துக்கொள்கிறார்கள். எலும்பு மரம் மாதிரி, நார் ஓடும் திசையில் ஒரு வலு, குறுக்கே வேறு வலு.

மூன்றாவது, பல ஆய்வுகள் வான் மீசஸ் தகைவை மட்டும் சொல்லி முடித்துவிடுகின்றன. அது வளைந்து கொடுக்கும் உலோகத்துக்கு ஏற்ற அளவுகோல். எலும்பு இழுவையில் ஒரு விதமாகவும் அழுத்தத்தில் வேறு விதமாகவும் உடையும். அதற்கு முதன்மைத் தகைவுகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

நான்காவதுதான் முக்கியம். எலும்பு உயிருள்ளது. 1987ல் ஹரால்ட் ஃபிராஸ்ட் முன்வைத்த கருத்துப்படி, திரிபு மிகக் குறைந்தால் எலும்பு கரையும். அளவோடு கூடினால் வலுவாகும். பத்து லட்சத்தில் சுமார் 3000 பங்குக்கு மேல் போனால் பழுது சேர ஆரம்பிக்கும். எனவே "தகைவு குறைந்த டிசைனே சிறந்த டிசைன்" என்ற வாக்கியமே முழு உண்மை இல்லை. போதாக்குறைக்கு சர்க்கரை நோய், புகைப்பழக்கம், ஈறில் சேரும் கிருமி எதுவும் அந்த மாடலுக்குத் தெரியாது.

யாருடைய எலும்பு?

பாகூர் பக்கம் நடவு வேலைக்குப் போய்ப் பழகிய அறுபத்தைந்து வயது அம்மா ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கீழ்ப் பற்கள் போய்ப் பத்து வருடம் ஆகிறது. பல் போன தாடை சும்மா இருக்காது, கரைந்துகொண்டே போகும். கீழ்த்தாடை மேல்தாடையைவிட சுமார் நான்கு மடங்கு அதிகம் கரைகிறது என்று டால்கிரன் 1972ல் காட்டினார். ஆக அந்த அம்மாவின் தாடை உயரம் குறைந்து, விளிம்பு கத்தி மாதிரி மெலிந்திருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தியும் குறைந்திருக்கும். வெற்றிலை பாக்கு மெல்லும் பழக்கம் இருந்தால், தாடை பக்கவாட்டில் அரைத்துப் பழகியிருக்கும்.

இப்போது புத்தக மாடல் சொல்கிறது: "தடிமனான இம்ப்ளாண்ட் போடு, தகைவு குறையும்." மெலிந்த விளிம்பில் தடிமனானதைப் போட்டால் கன்னப் பக்கத்து எலும்புச் சுவர் காகிதம் மாதிரி ஆகிவிடும். மாடல் சரியாகத்தான் கணக்குப் போட்டது, ஆனால் வேறு ஒருவருடைய தாடைக்கு.

கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு, இரண்டு இம்ப்ளாண்டும் அவற்றின் மேல் பிடித்து நிற்கும் பல்செட்டும் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002ல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். நம் கிராமங்களுக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை இல்லை. நான்கு போடப் பணம் இல்லாதவருக்கு இரண்டு சாத்தியமாகலாம். ஆனால் இரண்டில் ஒன்று கழன்றால் மறுபடி போட அந்தக் குடும்பத்தால் முடியாது. பட்டணத்துப் பணக்காரருக்கு அது ஒரு தொந்தரவு. இங்கே அது சேமிப்பு முழுவதும் போவது. தவறான எலும்பை வைத்துப் போட்ட கணக்கின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது இதில்தான் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

எம்.டி.எஸ். படிப்பு மூன்று வருடம். ஒவ்வொரு மாணவரும் ஆய்வேடு எழுதியாக வேண்டும். மாடல் ஆய்வை எடுக்கும் மாணவர், கடனாக வாங்கிய எண்களையும் கற்பனைத் தாடையையும் விட்டுவிட்டு, இந்த ஊர்களில் இருந்து வரும் நோயாளிகளின் தாடையை எடுத்துச் செய்தால் என்ன?

கதிர்வீச்சு ஆபத்து என்ற ஆட்சேபம் வரும். இம்ப்ளாண்ட் திட்டமிடச் சி.பி.சி.டி. ஸ்கேன் எடுக்கும் நோயாளிகளின் படம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. புதிதாக எடுக்க வேண்டாம். சம்மதம் வாங்கி, பெயரை நீக்கிவிட்டுப் பயன்படுத்தலாம்.

சாஃப்ட்வேர் விலை என்ற ஆட்சேபம் வரும். ஸ்கேனில் இருந்து உருவம் எடுக்க 3டி ஸ்லைசர், வரைய ஃப்ரீகேட், கணக்கிடக் கால்குலிக்ஸ் என எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்றன. கற்றுக்கொள்ள நேரம் ஆகும், அவ்வளவுதான். அதற்கும் பிள்ளைச்சாவடியில் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பல் மருத்துவ மாணவருக்கு எலும்பு தெரியும், மெக்கானிக்கல் மாணவருக்குத் தகைவு தெரியும். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கப் பெரிய பணம் தேவையில்லை.

"நோயாளியைப் பத்து வருடம் பார்த்தாலே போதும், மாடல் எதற்கு?" என்று மூத்த மருத்துவர்கள் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பத்து வருடம் காத்திருந்து தெரிந்துகொள்ளும் தவறை பத்துப் பேரின் தாடை சுமந்திருக்கும். மாடல் முன்கூட்டி எச்சரிக்கட்டும். அது சிவப்பு காட்டிய இடத்தில் எலும்பு உண்மையிலேயே கரைந்ததா என்று வருடாவருடம் எக்ஸ்ரே சரிபார்க்கட்டும். சரிபார்க்காத மாடல் வண்ணப் படம் மட்டுமே.

பல்லவர் காலத்திலேயே வித்யாஸ்தானம் இருந்த ஊர் பாகூர். நிருபதுங்கவர்மன் அதற்குக் கிராமங்களைக் கொடையாக விட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. படிப்புக்காக ஊர் கொடுத்தது அன்றைய கதை. படிப்பு அந்த ஊருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது இன்றைய கடன். அந்த அம்மா மறுபடியும் கடலையை மென்று தின்ன முடிந்தால், அதில் கொஞ்சமாவது அடைந்த மாதிரி.