ரிப்பேர் டைரி: வேனுக்குள் ஒரு ஃபிரிட்ஜ்... ஓடினால் உறையும், நின்றால் வேகும்!

வீட்டில் ஃபிரிட்ஜ் மக்கர் பண்ணினால் பக்கத்து வீட்டில் பாலை வைத்துக்கொள்ளலாம். ஓடுகிற வேனுக்குள் இருக்கும் ஃபிரிட்ஜ், ஆள் இல்லாத ரோட்டில் நின்றுபோனால்? அதற்குள் பாட்டியின் இன்சுலினும் இருந்தால்?

இந்த வார டைரி எங்கள் குடும்பக் கதைதான். 'சொல்லவா மாமா?' என்று கேட்டேன். 'தாராளமா சொல்லு பாப்பா, நாலு பேருக்கு உதவட்டும்' என்றார்.

மாமாவுக்கு ஊர் செட்டியார்பட்டி. ராஜபாளையம் பக்கம், தளவாய்புரத்தை ஒட்டி இருக்கிறது. தெருவுக்குத் தெரு நைட்டி தைக்கிற மெஷின் சத்தம் கேட்கும். மாமாவும் நைட்டி தொழில்தான். சரக்கு ஏற்ற வாங்கிய பழைய வேனை, தொழில் கொஞ்சம் மந்தமான நேரத்தில் 'கேரவன்' ஆக்கிவிட்டார். இரண்டு படுக்கை, ஒரு சின்ன சிங்க், தண்ணீர் டேங்க், கூடவே செகண்ட் ஹேண்டில் வாங்கிய 12 வோல்ட் ஃபிரிட்ஜ்.

கேரளா 2021-ல் 'கேரவன் கேரளா' என்று தனிக் கொள்கையே அறிவித்தது. வாகமனில் கேரவன் பார்க்கும் வந்துவிட்டது. அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் மாமாவுக்கு ஆசை வந்தது. 'அவங்க கம்பெனி வண்டி வச்சிருக்காங்க, நம்ம நம்மளே செஞ்சிக்கிருவோம்' என்பது அவர் கட்சி.

(ஒரு விஷயம்: வண்டியின் அமைப்பை மாற்றுவதாக இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி ஆர்டிஓ அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். மாமா அதை வாங்கிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.)

ஆச்சியின் ஆசை

மாமாவின் அம்மா, எனக்கு ஆச்சி. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இருபது வருட சர்க்கரை. தினம் இரண்டு வேளை இன்சுலின்.

ஆச்சிக்கு ஒரே ஒரு ஆசை. திருமங்கலத்தில் ஆரம்பித்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலையை எங்கள் பக்கத்தில் எல்லோரும் 'கொல்லம் ரோடு' என்பார்கள். முன்பு அதற்கு 208 என்று எண், இப்போது 744. 'வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து இந்த ரோட்டுப் பக்கந்தான் கெடக்கேன். இது எங்க போயி முடியுதுன்னு ஒரு நா பாக்கணும்' என்பார் ஆச்சி. குற்றாலத்தைத் தாண்டி அவர் போனதே இல்லை.

போன கோடையில் கிளம்பினோம். பால், தயிர், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, ஆச்சியின் இன்சுலின் பாட்டில் எல்லாம் ஃபிரிட்ஜில்.

முதல் ராத்திரி குற்றாலம். காலையில் காபி போடலாம் என்று பாலைக் காய்ச்சினால் திரிந்துவிட்டது. ஃபிரிட்ஜுக்குள் கையை விட்டால் வெளியே இருக்கிற அதே சூடு. மாமா உடனே திருகை முழுக்கத் திருகி வைத்தார். 'இனிமே பாரு, ஐஸ்கட்டி மாதிரி இருக்கும்!'

அவர் சொன்னது அப்படியே பலித்தது. அன்றைக்கு முழுக்க வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. பாபநாசம் போய்க் குளித்துவிட்டு, சாயங்காலம் செங்கோட்டைக்கு வந்து இன்சுலினை எடுத்தால், பாட்டிலுக்குள் பனித்துகள். பாதி உறைந்திருந்தது.

அத்தை, 'வெளிய வச்சா உருகிரும்ல?' என்றார். நல்லவேளை, ஊசி போடுவதற்கு முன்னால் மருந்துக்கடையில் கேட்டோம். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறை. 'ஒரு தடவ உறஞ்சிருச்சுன்னா உருகினாலும் போடக் கூடாதும்மா. மருந்துக்கு வேல போயிரும். தூரப் போட்ருங்க.'

புது பாட்டில் வாங்கினோம். ஆனால் ஆச்சி மனம் உடைந்துவிட்டது. 'என்னால எல்லாருக்கும் ரோதன. வண்டியத் திருப்பு' என்றார். செங்கோட்டையோடு திரும்பினோம். வழியெல்லாம் யாரும் பேசவில்லை.

ரிப்பேரா, புதுசா?

ஊர் வந்ததும் வீட்டில் பட்டிமன்றம். மாமா மகன், 'தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க' என்றான். மாமாவின் நண்பர், 'வெளிநாட்டுல கேஸ்ல ஓடுற ஃபிரிட்ஜ் இருக்கு, அதைப் போடுங்க' என்றார். அத்தை, 'வீட்டு ஃபிரிட்ஜையே இன்வெர்ட்டர்ல மாட்டிரலாமே' என்றார்.

கடைசியில் ராஜபாளையத்திலிருந்து ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக் வந்தார். கழற்றுவதற்கு முன்னால் அவர் கையில் எடுத்தது ஸ்க்ரூ டிரைவரை அல்ல, மல்டிமீட்டரை. ஃபிரிட்ஜ் ஓடும்போது பேட்டரியில் வைத்துப் பார்த்தார்: 12.1 வோல்ட். ஃபிரிட்ஜின் முதுகில் வயர் வந்து சேரும் இடத்தில் வைத்தார்: 11.1.

'அண்ணாச்சி, ஃபிரிட்ஜுல ஒரு கோளாறும் இல்ல. வழியிலயே ஒரு வோல்ட் காணாமப் போகுது' என்றார்.

விஷயம் இதுதான். பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜுக்கு 5 மீட்டர் தூரம். கரன்ட் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் மொத்தம் 10 மீட்டர் வயர். மாமா போட்டிருந்தது வீட்டில் லைட்டுக்குப் போடுகிற 1 சதுர மி.மீ வயர். அதில் 5 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வயரிலேயே விரயமாகிவிடும். வீட்டில் 230 வோல்ட்டில் 1 வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் 1 வோல்ட் என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு!

பேட்டரி அடியோடு காலியாகிவிடக் கூடாது என்பதற்காக, இந்த வகை ஃபிரிட்ஜ்கள் வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் தானாக நின்றுவிடும். மாமாவின் ஃபிரிட்ஜில் அந்த அளவு 11. ராத்திரியில் பேட்டரி கொஞ்சம் இறங்கியதும் ஃபிரிட்ஜுக்குப் போய்ச் சேர்வது 11-க்குக் கீழே. உடனே அது நின்றுவிட்டது. பகலில் இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் வரை கொடுப்பதால் பிரச்னையே இல்லை. அதுவும் திருகு முழுக்கத் திருகியிருந்ததால் விடாமல் ஓடி, மருந்தை உறைய வைத்துவிட்டது.

ஆக, மாமாவின் ஃபிரிட்ஜ் ராத்திரி நின்றதும் பகலில் உறைய வைத்ததும் இரண்டு கோளாறு அல்ல. ஒரு மெல்லிய வயரும், அதற்கு நாம் செய்த தப்பு வைத்தியமும்.

மெக்கானிக் 6 சதுர மி.மீ வயர் போட்டார். இப்போது விரயம் 0.15 வோல்ட்கூட இல்லை. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸும் வைத்தார். வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் வண்டி தீப்பிடிக்காமல் இருக்க அது அவசியம்.

மற்ற யோசனைகள் என்ன ஆச்சு?

*வீட்டு ஃபிரிட்ஜ்:* ஓடும். ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும் அந்த நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். அதற்குப் பெரிய இன்வெர்ட்டர் வேண்டும். இன்வெர்ட்டர் தன் பங்குக்கும் கொஞ்சம் கரன்ட் தின்னும். நம் ரோட்டுக் குலுக்கலுக்காக அது செய்யப்பட்டதும் இல்லை.

*கேஸ் ஃபிரிட்ஜ்:* இது ஒரு சுவாரஸ்யமான மெஷின். 1922-ல் ஸ்வீடனில் பால்ட்ஸர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கியது. கம்ப்ரஸரே கிடையாது. சூடுபடுத்தினால் அமோனியா சுற்றி வந்து குளிர்விக்கும். சத்தம் இருக்காது. ஆனால் வண்டி ஓரளவு மட்டமாக நின்றால்தான் ஒழுங்காக வேலை செய்யும். பின்பக்கம் மஞ்சள் கறையும் அமோனியா நெடியும் வந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். அதை நாமே திறக்கவே கூடாது.

அதைவிட முக்கியம், வண்டிக்குள் நெருப்பு. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையத்தை மறந்திருக்க மாட்டீர்கள். லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாப் பெட்டிக்குள் விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். முறைப்படி பொருத்திய கேஸ் ஃபிரிட்ஜும் அதுவும் ஒன்றல்ல. ஆனால் முறைப்படி பொருத்தவும் பராமரிக்கவும் நம் ஊரில் ஆள் கிடைப்பது கஷ்டம். மாமா அந்த யோசனையை அன்றைக்கே கைவிட்டார்.

*விலை மலிவான 'கார் கூலர்' பெட்டி:* வாங்கும்போது கவனம். இதில் பெரும்பாலானவை கம்ப்ரஸர் இல்லாதவை. 1834-ல் ஜான் பெல்டியே கண்டுபிடித்த முறைப்படி இயங்குபவை. வெளி வெப்பத்தைவிட ஏறக்குறைய 20 டிகிரிதான் குறைக்க முடியும். சித்திரை வெயிலில் வேனுக்குள் 40 டிகிரி என்றால், பெட்டிக்குள் 20. தண்ணீர் பாட்டிலுக்குச் சரி. பாலுக்கும் மருந்துக்கும் போதாது.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் வேனிலோ, பூ வண்டியிலோ, ஐஸ் வண்டியிலோ பேட்டரியில் ஓடும் ஃபிரிட்ஜ் இருந்தால், புதுசு வாங்கும் முன் இந்த வரிசையில் பாருங்கள்:

1. ஃபிரிட்ஜ் ஓடும்போது பேட்டரியிலும் ஃபிரிட்ஜிலும் வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரையும் கனெக்‌ஷனையும் மாற்றுங்கள்.

2. பின்பக்கம் காற்று போக வழி இருக்கிறதா? மாமா பலகை வைத்து அழகாக மூடியிருந்தார். உள்ளேயிருந்து எடுத்த சூடு வெளியே போக வழி இல்லாவிட்டால் கம்ப்ரஸர் ஓய்வே இல்லாமல் ஓடும். கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு துவாரம் போட்டோம்.

3. கதவு ரப்பர். ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது.

4. பேட்டரிக் கணக்கு. சின்ன ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்பியர், பாதி நேரம் ஓடுகிறது என்றால் ஒரு நாளைக்கு 48 ஆம்பியர்-ஹவர். 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்துவது நல்லது. அதாவது, வண்டியை ஓட்டாமல் நிறுத்தினால் ஒரு நாள்தான். வெயில் காலத்தில் அதற்கும் குறைவு.

இத்தனையும் சரியாக இருந்தும் குளிரவில்லை, கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் கேஸ் கசிந்திருக்கலாம். அப்போது ரிப்பேர் செலவையும் புதிய விலையையும் ஒப்பிடுங்கள். பழைய பெட்டி, கேஸ் கசிவு, கம்ப்ரஸர் கோளாறு மூன்றும் சேர்ந்தால் மாற்றுவதே லாபம்.

மருந்து தனி, ஃபிரிட்ஜ் தனி

இதுதான் நாங்கள் கற்ற பெரிய பாடம். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஆனால் பயன்பாட்டில் இருக்கும் பாட்டிலைப் பொதுவாக 25-30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் சுமார் 4 வாரம் வெளியிலேயே வைக்கலாம். வகைக்கு வகை மாறும் என்பதால் அட்டையில் இருப்பதைப் படியுங்கள், டாக்டரைக் கேளுங்கள். வெப்பத்தைவிடக்கூட உறைவது மோசம். வெப்பம் மெதுவாகக் கெடுக்கும், உறைந்தால் அந்த நிமிடமே வீண்.

கரன்ட் இல்லாத குளிர்ச்சியும் உண்டு. குஜராத்தின் வாங்கானேரைச் சேர்ந்த மன்சுக்பாய் பிரஜாபதி, 2001 பூகம்பத்துக்குப் பிறகு களிமண்ணிலேயே 'மிட்டிகூல்' ஃபிரிட்ஜ் செய்தவர். நம் மண்பானை வித்தைதான் அது. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ராஜபாளையத்தின் வறண்ட கோடையில் பானை நன்றாகவே குளிரும். கொல்லம் மாதிரி ஈரக்காற்று வீசும் கடலோரத்தில் அவ்வளவாகக் குளிராது. அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இப்போது ஆச்சிக்குத் தனியாக ஒரு மருந்துப் பை. பயன்பாட்டில் உள்ள பாட்டில் அதில்தான் இருக்கும். ஐஸ் பேக் வைத்தாலும் துணி சுற்றித்தான் வைப்போம், பாட்டிலில் நேரடியாகப் படக் கூடாது. திறக்காத பாட்டில் ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், குளிர்த் தகட்டிலிருந்து தள்ளி. உள்ளே ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர். காலை, மாலை அதைப் பார்த்துச் சொல்வது மாமா மகன் வேலை.

தை மாதம் மறுபடி கிளம்பினோம். ஆச்சி முதலில் வர மாட்டேன் என்றார். மாமா தெர்மாமீட்டரைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்து, 'அஞ்சு காட்டுது பாருங்கம்மா' என்றார். ஆச்சி எண்ணைப் பார்க்கவில்லை, மகன் முகத்தைப் பார்த்தார். சேலை மாற்றப் போய்விட்டார்.

ஆரியங்காவு, தென்மலை, புனலூர்... கொல்லத்தில் கடற்கரைக்குப் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆச்சி செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மணலில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி, 'ஏன் பாப்பா, ரோடு முடிஞ்சிருச்சுல்ல?' என்றார்.

'முடிஞ்சிருச்சு ஆச்சி.'

'சரி, ஊசி போடுற நேரமாச்சு. பைய எடு.'