கோரிக்கை மனு: ஒரே பதவிக்கு இரண்டு ஊதியம்

இடம்: மீமிசல்
நாள்: 10.11.2025

அனுப்புநர்
செயலாளர், இடைநிலை ஆசிரியர் சங்கக் கிளை, மீமிசல், ஆவுடையார்கோவில் வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்
அரசுச் செயலாளர், பள்ளிக்கல்வித் துறை, தலைமைச் செயலகம், சென்னை. (முறையான வழியில்)

பொருள்: 1.6.2009 முதல் பணியேற்ற இடைநிலை ஆசிரியர்களின் ஊதிய முரண்பாட்டைக் களைதல் மற்றும் பிற கோரிக்கைகள் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் எமது முந்தைய மனுக்கள்.

ஐயா,

மீமிசல் சுற்றுவட்டார ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் பணிபுரியும் இடைநிலை ஆசிரியர்கள் நாங்கள்.

பார்வையில் கண்ட மனுக்களுக்குப் பதில் வந்தபோதெல்லாம், மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்ற ஒரு வரியே வந்தது. யாருக்கு அனுப்பப்பட்டது, அங்கே என்ன ஆயிற்று என்பது தெரிவிக்கப்படவில்லை. எனவே முன்பு எழுதியதையே மீண்டும் எழுதுகிறோம். படித்தவர்கள் பொறுத்தருள்க, படிக்காதவர்களுக்கு இது புதிய மனுவாகவே இருக்கும்.

கோரிக்கை 1: சம வேலைக்குச் சம ஊதியம்

அ) முரண்பாடு பிறந்த விதம். ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டி, நிதித்துறை அரசாணை எண் 234, 1.6.2009 அன்று வெளியானது. அன்று பணியில் இருந்த இடைநிலை ஆசிரியரின் பழைய அடிப்படை ஊதியமான ரூ.4,500, 1.86ஆல் பெருக்கப்பட்டு ரூ.8,370 ஆனது. அன்று முதல் பணியேற்றவருக்கோ ரூ.5,200 மட்டுமே. தர ஊதியம் ரூ.2,800 இருவருக்கும் பொது. அதைச் சேர்த்தால் ஒருவருக்கு ரூ.11,170, மற்றவருக்கு ரூ.8,000. வித்தியாசம் ரூ.3,170.

ஆ) அது வளர்ந்த விதம். 2017இல் ஏழாவது ஊதியக் குழுவின்படி எல்லாம் 2.57ஆல் பெருக்கப்பட்டபோது முரண்பாடும் சேர்ந்தே பெருகியது. அந்த ரூ.3,170 மட்டும் ரூ.8,147 ஆயிற்று. ஆண்டுக்கு 3 விழுக்காடு ஊதிய உயர்வும் அகவிலைப்படியும் அடிப்படை ஊதியத்தின் மேல்தான் கணக்கிடப்படுகின்றன. பங்களிப்பு ஓய்வூதியப் பிடித்தமும் அவ்வாறே. ஆகவே இந்த இழப்பு சம்பளப் பட்டியலோடு முடியாமல் ஓய்வுக்குப் பின்னும் தொடரும்.

இ) வேலையில் வித்தியாசம் இல்லை. ஓர் ஈராசிரியர் பள்ளியில் 2009 மே மாதம் வந்தவரும் ஜூன் மாதம் வந்தவரும் அதே ஐந்து வகுப்புகளைப் பகிர்ந்துகொண்டு அதே பாடநூலை நடத்துகிறார்கள். பட்டயப் படிப்பும் ஒன்றே. பின்னால் வந்தவர்களில் பலர் ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறியவர்கள். கூடுதல் தேர்வு எழுதியவருக்குத்தான் குறைந்த ஊதியம்.

ஈ) எமது முதன்மை ஆதாரம். டி.எஸ்.நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 17.12.1982 அன்று தீர்ப்பளித்தது. அங்கும் பிரச்சினை ஒரு தேதிதான். 31.3.1979ஐக் கோடாக வைத்து, அன்றும் அதற்குப் பின்னும் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் புதிய ஓய்வூதியக் கணக்கீடு தரப்பட்டது. ஒரே வகையினரை ஒரு தேதியைக் கொண்டு இரண்டாகப் பிரித்தால், அந்தப் பிரிவினைக்கும் திட்டத்தின் நோக்கத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும். இல்லையெனில் அது அரசியல் சாசனத்தின் 14ஆவது பிரிவுக்கு முரண் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இதை எமது முந்தைய மனுக்களிலும் எழுதினோம். மறுத்தும் ஒருவரும் எழுதவில்லை.

பின்வந்த தீர்ப்புகள் நகாராவின் எல்லையைச் சுருக்கின என்று கூறப்படலாம். அவற்றுள் சில வேறு திட்டம், வேறு நிதியம் ஆகியவற்றில் இருந்தவர்களைப் பற்றியவை. நாங்கள் வேறு திட்டத்தில் இல்லை. அதே பதவி, அதே ஊதியக் கட்டு, அதே தர ஊதியம். தொடக்க ஊதியம் மட்டுமே வேறு. 1.6.2009 என்பது அரசாணை கையெழுத்தான நாள் என்பதைத் தவிர, அந்தத் தேதிக்கு ஆசிரியப் பணியோடு என்ன தொடர்பு? இந்த ஒரு கேள்விக்கே விடை கேட்கிறோம்.

உ) குழுக்கள். ஊதிய முரண்பாடுகளை ஆராய்ந்த சித்திக் ஒருநபர் குழு 2019 ஜனவரியில் அறிக்கை அளித்தது. 2021 தேர்தல் அறிக்கையில் ஆளுங்கட்சியே சம ஊதியம் தருவதாக வாக்களித்தது. சென்னையில் ஆசிரியர்கள் உண்ணாவிரதம் இருந்ததையடுத்து 1.1.2023 அன்று மூவர் குழு அறிவிக்கப்பட்டது. முரண்பாடு உண்டு என்று ஒப்புக்கொள்ளாமல் அதைக் களையக் குழு அமைக்க இயலாது. ஆகவே இன்னொரு குழு வேண்டாம், ஆணை வேண்டும். நிதிச்சுமை காரணமெனில், எத்தனை தவணைகளில் நிறைவேற்றப்படும் என்ற கால அட்டவணையை வெளியிடுக.

பிற கோரிக்கைகள்

2. இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 107ஆவது பிரிவின்படி, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இருக்க வேண்டிய குழந்தை நலக் காவல் அலுவலரின் பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் இடம்பெறச் செய்ய வேண்டும். கடலோர ஊர்களில் படிப்பை விட்டுப் படகேறும் சிறுவர்களைப் பற்றி யாரிடம் சொல்வது என்பது ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

3. பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதி வன்முறையான நாங்குநேரி சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே.சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த பரிந்துரைகளில் ஏற்கப்பட்டவை எவை என்பதைச் சுற்றறிக்கை மூலம் தெரிவிக்க வேண்டும்.

4. உயர்கல்வித் தகுதிக்கான ஊக்க ஊதிய உயர்வை 2020க்கு முன்பிருந்தவாறு வழங்க வேண்டும்.

5. எமிஸ் (கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை) இணையப் பதிவுப் பணிகளிலிருந்து ஆசிரியர்களை முழுமையாக விடுவிக்க வேண்டும்.

கோரிக்கை 1 ஏற்கப்படாவிடில், எந்தக் காரணத்தால், எந்த விதியின் கீழ் என்பதைக் குறிப்பிட்டு எழுத்துபூர்வமாக ஆணையிடக் கோருகிறோம். மறுப்பாணை இருந்தால் நீதிமன்றத்தில் அதை எதிர்த்து வாதாட முடியும். மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்ற வரியை எதிர்த்து எங்கும் மேல்முறையீடு செய்ய இயலாது.

இப்படிக்கு,
செயலாளர்