பேப்பர் ஹெலிகாப்டரை மெதுவாக இறக்கணுமா? ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது போதாது!

ஏ4 தாளில் கால் பங்கு போதும். அதன் மேல்பாதியை நடுவில் நீளவாக்கில் வெட்டி, ஒன்றை முன்பக்கமும் மற்றொன்றைப் பின்பக்கமும் மடித்தால் இரண்டு இறக்கைகள். கீழ்பாதியை ஒல்லியான தண்டாக மடித்து, அடியில் ஒரு ஜெம் கிளிப் மாட்டினால் பேப்பர் ஹெலிகாப்டர் ரெடி. மாடிப்படியிலிருந்து விட்டால் சுற்றிக்கொண்டே இறங்கும்.

"இதுல என்ன இருக்கு, சின்னப் பசங்க விளையாட்டு" என்று தோன்றலாம். ஆனால், "இதையே இன்னும் மெதுவா இறக்கு பார்ப்போம்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் கதை மாறிவிடும். படித்து வேலையில் இருப்பவர்களும் சறுக்கும் இடம் அதுதான்.

ஏன் சுற்றுகிறது?

கீழே விழும்போது காற்று இரண்டு இறக்கைகளையும் மேல்நோக்கித் தள்ளுகிறது. இறக்கைகள் சாய்ந்திருப்பதால் அந்தத் தள்ளலில் ஒரு பகுதி பக்கவாட்டில் திரும்புகிறது. எதிரெதிராக மடித்திருப்பதால் ஒன்று இந்தப் பக்கம், மற்றொன்று அந்தப் பக்கம். விளைவு, சுழற்சி. அந்தச் சுழற்சிதான் இறக்கைகளை விரித்துப் பிடிக்கிறது. தணக்கு மரத்தின் இரட்டை இறக்கை விதையும், மஹோகனி விதையும் இப்படித்தான் சுற்றி இறங்குகின்றன. மெதுவாக இறங்கினால்தானே காற்று அவற்றைத் தாய்மரத்திலிருந்து தள்ளிக் கொண்டுபோக முடியும்!

விழத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே காற்றின் தடை எடைக்குச் சமமாகிவிடும். அதன்பிறகு வேகம் கூடாது. வடிவம் மாறாமல் இருந்தால், எடை நான்கில் ஒரு பங்காகும்போதுதான் இந்த வேகம் பாதியாகும். 80 ஜிஎஸ்எம் தாளில் கால் ஏ4-ன் எடையே சுமார் 1.25 கிராம்தான். அதில் ஒரு கிளிப் மாட்டுவது, மெலிந்த ஆள் முதுகில் மூட்டையை ஏற்றுவது மாதிரி. அப்போ கிளிப்பைக் கழற்றிவிட்டால் முடிந்ததா? இல்லை. அடியில் எடை இல்லாவிட்டால் சில ஹெலிகாப்டர்கள் நேராக நிற்காமல் குட்டிக்கரணம் போட்டு விழும்.

இங்கே பெரும்பாலானோர் செய்வது என்ன? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. பள்ளியில் சொல்லிக்கொடுத்ததும் அதுதான்: மற்றதெல்லாம் மாறாமல் இருக்கட்டும். முதலில் ஏ4 தாளுக்குப் பதில் செய்தித்தாள். எடை குறைவு, மெதுவாக இறங்குகிறது, சபாஷ். "செய்தித்தாளே சிறந்தது" என்று முடிவுகட்டி, அடுத்து இறக்கையை நீளமாக்குகிறார்கள். மெல்லிய தாள் தாங்காமல் இறக்கை மேல்நோக்கி மடங்கிவிட, ஹெலிகாப்டர் சரேலென்று விழுகிறது. "நீள இறக்கை வேலைக்கு ஆகாது" என்று அதையும் குப்பையில் போட்டாயிற்று. விறைப்பான தாளும் நீள இறக்கையும் சேர்ந்த ஜோடியை யாரும் முயன்று பார்க்கவே இல்லை. ஒருவேளை ஜெயித்திருக்கக்கூடியது அதுவாகவே இருக்கலாம்.

இந்தச் சிக்கலை 100 ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துச் சொன்னவர் ரொனால்ட் ஃபிஷர். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் உரச் சோதனைகளை ஆராய்ந்த புள்ளியியலாளர். இயற்கையிடம் ஒரு நேரத்தில் ஒரே கேள்விதான் கேட்கவேண்டும் என்ற நம்பிக்கை தவறு என்று 1926-ல் எழுதினார். அவருடைய மருமகன் ஜார்ஜ் பாக்ஸும் பெரிய புள்ளியியலாளர். இதே பாடத்தைப் பொறியாளர்களுக்குக் காகித ஹெலிகாப்டரை வைத்தே கற்பிப்பது எப்படி என்று 1992-ல் ஒரு கட்டுரை எழுதினார்.

எட்டுத் தடவை விட்டால் போதும்

தாள், இறக்கை நீளம், கிளிப். மூன்று விஷயம், ஒவ்வொன்றிலும் இரண்டு வாய்ப்பு. மொத்தம் எட்டு ஜோடனை. எட்டையும் செய்து தலா ஒருமுறை விட்டால், கிளிப் உள்ள நான்கையும் இல்லாத நான்கையும் ஒப்பிடலாம். அதே எட்டு அளவுகளைப் பிரித்து தாளுக்கும் நான்குக்கு நான்கு, நீளத்துக்கும் நான்குக்கு நான்கு. ஒவ்வொன்றாக மாற்றும் பழைய முறையில் இதே எட்டுத் தடவை விட்டால், கிடைப்பது இரண்டுக்கு இரண்டு ஒப்பீடுதான். உழைப்பு ஒன்றே, தகவல் இரு மடங்கு. எது எதோடு சேர்ந்தால் நன்றாக வேலை செய்கிறது என்பதும் சேர்த்தே தெரிந்துவிடும்.

அலுவலகங்களில் இது இன்னும் மோசம். ஒரு வாரம் ஆப்பில் பட்டன் நிறத்தை மாற்றுகிறார்கள், அடுத்த வாரம் தலைப்பை. தனித்தனியாகத் தோற்ற இரண்டு யோசனைகள் சேர்ந்து ஜெயிக்குமா என்று எந்த மீட்டிங்கிலும் கேள்வி வருவதில்லை. ஒவ்வொன்றாக மாற்றுவது பயனற்றது என்றில்லை. ரிப்பேரான மிக்ஸியில் கோளாறு எங்கே என்று தேட அதுதான் சரி. புதிதாக ஒன்றை வடிவமைக்கும்போதுதான் அது காலை வாருகிறது.

கல்லூரி ஆய்வகங்களைக் கேட்கவே வேண்டாம். விடை முன்பே தெரியும். சீனியரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து ரீடிங்கை 'கொஞ்சம் மாற்றி' எழுதினால் மார்க் வந்துவிடும். பேப்பர் ஹெலிகாப்டரில் அந்த வசதி கிடையாது. வெட்டியவர் கை, தாள், மடிப்பு எல்லாம் வேறு வேறு. பார்த்து எழுதிய ரீடிங்கை அங்கேயே இன்னொரு முறை விட்டு சோதித்துவிடலாம். முதல் செமஸ்டரிலேயே ஒரு மதியம் இதற்கு ஒதுக்கக்கூடாதா?

இரண்டு எச்சரிக்கை. ஸ்டாப்வாட்சை அழுத்தும் விரல் சுமார் 0.2 விநாடி தாமதிக்கும். ஹெலிகாப்டர் இறங்குவதே 2 விநாடியில் என்றால் 10 சதவீதப் பிழை அங்கேயே வந்துவிடுகிறது. முடிந்த அளவு உயரத்திலிருந்து விடுவதும், மொபைலில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுப்பதும் உத்தமம். அடுத்தது வரிசை. கிளிப் உள்ளதை எல்லாம் முதலில் விட்டால், பழகிய கையின் நிதானம் மற்றதற்குச் சாதகமாகிவிடும். எனவே சீட்டுக் குலுக்கி எடுத்துத்தான் விடவேண்டும்.

அப்புறம், ஃபேனை ஆஃப் பண்ண மறக்கக்கூடாது.