முகமூடி போட்டால் கோழையா?

குட்டீஸ்... ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. 'பக்' எனும் கெட்டி ரப்பர் வட்டுதான். எடை, சுமார் 170 கிராம். மணிக்கு 160 கி.மீ., வேகத்தில் கூட பறந்து வரும். அதன் முன், வெறும் முகத்தோடு நின்றனர், அந்தக்கால கோல் கீப்பர்கள்!

நவம்பர் 1, 1959ல், நியூயார்க்கில் நடந்த போட்டியில், மான்ட்ரியல் அணியின் ஜாக் பிளான்ட் முகத்தை, பக் கிழித்தது. தையல் போட்டதும், தன் முகத்தை அச்செடுத்து செய்த, பயிற்சியில் மட்டும் அணிந்து வந்த பைபர் கிளாஸ் முகமூடியை எடுத்தார். பயிற்சியாளருக்கு பிடிக்கவில்லை. முகமூடி இல்லாமல் இறங்க மாட்டேன் என்று உறுதியாக நின்றார், பிளான்ட். அணி, 3 - 1 என ஜெயித்தது!

கவசம் அணிவது கோழைத்தனம் அல்ல. ஆனால், அது உங்கள் அளவில் இருக்க வேண்டும். 'வளர்ற பிள்ளை, பெரிசா வாங்கு' என்பது சட்டைக்கு சரி, ஹெல்மெட்டுக்கு சரிவராது. தலையை அசைத்தால், ஹெல்மெட் தனியாக ஆடுகிறதா? அடிபடும் நேரத்தில், அது நழுவி விடும். காலுக்கு பெரிய பேடு, ஓட விடாது.

கிரிக்கெட்டோ, சைக்கிளோ... கவசம் வாங்கும்போது, கடையிலேயே போட்டு, குனிந்து, நிமிர்ந்து பாருங்கள். அழகு, விலை எல்லாம் அப்புறம்தான். சரிதானே!